சின்னத் துணியில் முடித்துக் காட்டுங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஊசியும் நூலும் பழகிய சகோதரிகளுக்கும், தறிக்கட்டம் படிக்கத் தெரிந்த சகோதரர்களுக்கும்,

கிராஸ் ஸ்டிட்ச் எனப்படும் குறுக்குத் தையல், எண்ணிப் போடும் தையல். துணியில் பூவை வரைந்துகொண்டு கோட்டின் மேல் ஊசி ஓட்டும் வேலை இதில் கிடையாது. மேட்டி துணியில் நெசவே சிறு சிறு கட்டமாக விழுந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலையிலும் ஓட்டை தெரியும். ஒரு மூலையில் ஏறி எதிர் மூலையில் இறங்கி, மறுபடி குறுக்கே போனால் ஒரு பெருக்கல் குறி. தையல் அவ்வளவுதான். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதைத் தாளில் உள்ள கட்டப்படம் சொல்லிவிடும். ஒரு தடவை பார்த்தாலே கை பிடித்துக்கொள்ளும் இந்த வேலையை உங்களில் பலர் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பிலேயே கற்றிருக்கிறீர்கள். கைக்குட்டை மூலையில் கிளி, தலையணை உறையில் ரோஜா என்று போட்டும் இருக்கிறீர்கள். பிறகு கல்யாணம், குழந்தை, தறி, ஆரி ஒர்க் ஆர்டர் என்று காலம் ஓடிவிட்டது. ஊசி உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்தத் தையல் மட்டும் விட்டுப்போயிற்று. அதைச் சின்ன அளவில் மறுபடி எடுங்கள், நாலு பேராகச் சேர்ந்து எடுங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல்.

சின்ன அளவு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உங்களில் எத்தனையோ பேர் வீட்டு பீரோவில், பாதியில் நின்றுபோன பெரிய படம் ஒன்று மடித்துக் கிடக்கிறது. ராதாகிருஷ்ணரோ, ஓடும் குதிரைகளோ, பனிக்கு நடுவே ஓட்டு வீடோ, ஆசையோடு கிட் வாங்கி ஒரு மூலையை நிரப்பியதோடு நின்றிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நின்றதில் வியப்பே இல்லை. குறுக்கே 200, நெடுக்கே 280 தையல் உள்ள படம் என்றால் மொத்தம் 56,000 தையல். பழகிய கை மணிக்கு நூறு தையல், முன்னே பின்னே, போடும். ஆக 560 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் ஒன்றரை வருடம் தாண்டிவிடும், அதுவும் ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தால். நோம்பி, நல்லது கெட்டது, பிள்ளைகள் பரீட்சை எல்லாம் உள்ள வீட்டில் இது நடக்கிற காரியமா? பாதியில் நின்றதும் "நமக்குப் பொறுமை போதாது" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு ஒரு குறையும் இல்லை. தேர்ந்தெடுத்த அளவுதான் பிசகு.

கடையில் 14 கவுண்ட் என்று கேட்டு வாங்கும் மேட்டியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் இருக்கும். குறுக்கும் நெடுக்கும் 42 கட்டம் எடுத்துக்கொண்டால் சரியாக மூன்று அங்குலம். முழுவதும் நிரப்பினாலும் 1,764 தையல்தான். நடுவில் ஒரு மாங்காயோ மயிலோ மட்டும் போட்டால் அறுநூறு தையலுக்குள் அடங்கிவிடும். ஆறு மணி நேரம். அதாவது ஒரு வாரத்து மாலைகள். ஞாயிற்றுக்கிழமை அது முடிந்த பொருளாகக் கையில் இருக்கும். புத்தகத்துக்கு அடையாளத் துண்டு, டீ டம்ளருக்கு அடித்துணி, சாவிக்கொத்தில் தொங்கும் சதுரம், கல்யாண வீட்டு மொய்க் கவரின் முகப்பு, பிறந்த குழந்தையின் துணி மூலையில் ஓர் எழுத்து என்று அதற்கு உபயோகமும் உண்டு. முடித்த ஒன்று அடுத்ததற்குக் கையைத் தூண்டும். பாதியில் கிடப்பது பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மனசை உறுத்தும்.

வேலையை ஒழுங்காகச் செய்தால்தான் அந்த நிறைவு வரும். மூன்று அங்குல வேலைக்கு ஏழு அங்குலத் துணி வெட்டுங்கள். சுற்றிலும் இரண்டு அங்குலம் விட்டால்தான் வளையமும் பிடிக்கும், மடித்துத் தைக்கவும் இடம் இருக்கும். ஓரம் பிரியாமல் ஒரு சுற்று மேல்தையல் போட்டுவிட்டு, துணியை நாலாக மடித்தால் நடுப்புள்ளி கிடைக்கும். தொடங்க வேண்டியது அங்கேதான். மூலையிலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் எண்ணிக்கை தப்பி, படம் துணிக்கு வெளியே போனவர்கள் அநேகம். ஆங்கர் நூல் கட்டு ஒன்றில் எட்டு மீட்டர் இருக்கும், அதில் ஆறு இழை. 14 கவுண்டுக்கு இரண்டு இழை போதும். ஆறையும் கோத்து இழுத்தால் ஓட்டை விரிந்து தையல் உப்பிக்கொள்ளும். இழைகளை ஒவ்வொன்றாக உருவிச் சேர்த்தால் சிக்கு விழாது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான நீளத்துக்கு மேல் நூல் வேண்டாம். நீளம் கூடினால் ஒவ்வொரு ஓட்டையிலும் உரசி உரசி நூல் பஞ்சாகிவிடும்.

முடிச்சுப் போடாமல் தொடங்கும் வழி ஒன்று உண்டு. ஒரே இழையை இரண்டு பங்கு நீளத்துக்கு எடுத்து இரண்டாக மடித்து, வெட்டிய இரு நுனிகளையும் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் மடிப்பு ஒரு கண்ணியாக நிற்கும். ஊசியைக் கீழிருந்து மேலே ஏற்றி, எதிர் மூலையில் இறக்கி, துணியின் பின்பக்கம் நிற்கும் அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் நூல் தானே பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் தட்டையாக இருக்கும், இஸ்திரி போடும்போது முன்பக்கத்தில் மேடு தெரியாது. ஒரு வரிசையில் பாதித் தையலை எல்லாம் சாய்வாகப் போட்டுக்கொண்டு போய், திரும்பி வரும்போது குறுக்கே மூடுவது சுலபம். மேலே விழும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பத்துத் தையல் மாறிச் சாய்ந்தால்கூட அந்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, நூல் நிறமே மாறியதுபோல் தெரியும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வேர்வை வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கும். கை கழுவிவிட்டு உட்காருங்கள். கருஞ்சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் போகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் முடியுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு நூலில் வெள்ளை பூக்கும். டர்க்கி டவலின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்தால் தையல் நசுங்காது.

இனி, உங்களிடம் எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி: "இதில் என்ன காசு வரும்?" ஆரி ஒர்க் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது. கல்யாண பிளவுஸுக்கு ராத்திரி பகலாகக் குனிந்து உட்கார்ந்து சம்பாதிக்கும் பெண்ணிடம் அதை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கையில் உள்ள கலை அத்தனையும் ஆர்டருக்கே போய்விட்டால், தனக்கென்று, தன் கண்ணுக்குப் பிடித்த நிறத்தில், தேதி நெருக்கடி இல்லாமல் செய்ய ஒன்றுமே மிஞ்சாது. ஆண்பிள்ளைகள் சாயங்காலம் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. நீங்கள் நூலும் துணியுமாக உட்கார்ந்தால் மட்டும் "வெட்டி வேலை" என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு ஊசியை ஒளித்து வைத்தவர்கள் உங்களிடையே நிறையப் பேர். ஒளிக்க வேண்டியதில்லை.

ஒரு மனிதனை இந்தத் தையல் எவ்வளவு தூரம் தாங்கிப் பிடித்தது என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. 1941இல் கிரீட் தீவில் பிடிபட்டு ஜெர்மானியரின் போர்க்கைதியான பிரிட்டிஷ் மேஜர் அலெக்ஸிஸ் கஸ்டாக்ளி, சக கைதி கொடுத்த கான்வாஸ் துண்டில், பிரிந்துபோன பழைய ஸ்வெட்டரின் நூலை உருவிக் குறுக்குத் தையல் போட்டார். ஓரத்து அலங்காரம்போலத் தெரிந்த புள்ளிகளும் கோடுகளும் மோர்ஸ் குறியீடு. அதில் ஹிட்லருக்கு வசை இருந்தது. காவலர்களுக்கு அது புரியவில்லை. வேலையின் நேர்த்தியைப் பார்த்து மற்ற முகாம்களிலும் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பிய பிறகும் அவர் தைப்பதை விடவில்லை. காசுக் கணக்கில் அந்தத் துண்டுக்கு என்ன விலை போடுவது?

உங்கள் வட்டாரத்துக்குப் பல ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது; அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. குறுக்குத் தையலின் கட்டப்படமும் ஜக்கார்டு தறியின் கட்டத்தாளும் ஒரே வகைக் கணக்கு. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய அந்த இயந்திரம் இன்று இளம்பிள்ளைச் சேலைத் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பார்டருக்கு வரும் அன்னமும் ருத்ராட்சமும் முதலில் கட்டத்தாளில்தான் பிறந்தன. கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் துளை அடித்துத்தான் தறிக்கு ஏறின. இப்போது அந்தத் தாளின் இடத்தைக் கம்ப்யூட்டர் திரை எடுத்துக்கொண்டாலும் கட்டம் கட்டம்தான். 1960 முதல் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நடக்கிறது. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. தெருவுக்கு ஒருவராவது டிசைன் கட்டம் படிக்கத் தெரிந்தவர் இருக்கும் இப்படிப்பட்ட ஊரில், தைக்க உட்காரும் பெண்கள் எங்கிருந்தோ வந்த கரடி பொம்மையையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் எண்ணிக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது. கரடி பொம்மையின் மேல் பகை ஒன்றும் இல்லை. அது மட்டுமே போதும் என்று நிற்பதுதான் குறை.

சேலைக் கட்டத்தை அப்படியே மேட்டியில் போட்டால் உருவம் கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தறியில் ஓர் அங்குலத்தில் நிற்கும் பாவு இழையும் விழும் ஊடை இழையும் சம எண்ணிக்கையில் இருப்பதில்லை. அதனால் ஜக்கார்டு தாளின் கட்டங்களும் பெரும்பாலும் சரிச் சதுரமாக இருக்காது. மேட்டியின் கட்டமோ சதுரம். தாளில் அழகாக நின்ற மயில் துணியில் ஒட்டகம்போல் நீண்டுவிடும், அல்லது வாத்துபோல் அமுங்கிவிடும். தறிக்காரர் வீட்டு மனிதர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, சதுரக் கட்டத்தில் ஒருமுறை திருப்பி வரைந்துகொண்டால் சரியாகும். இந்த மடல் சகோதரர்களையும் விளித்ததற்கு இதுவே காரணம். வாசல் கோலமும் உதவும். நேர்ப்புள்ளிக் கோலம் மேட்டியில் தானாகவே உட்காரும். ஊடுபுள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி நாலு கட்டம் தள்ளி வைத்து, அடுத்த வரிசையை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்குங்கள். வளைந்து வளைந்து போகும் சிக்குக் கோலத்துக்குக் குறுக்குத் தையல் ஒத்துவராது. அதைப் பேக் ஸ்டிட்ச்சில் போடலாம்.

மேட்டூரின் 16 கண் மதகை எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று கட்டம், இரு பக்கமும் சேர்த்து 17 தூணுக்கு ஒவ்வொரு கட்டம். மொத்தம் 65 கட்டம். 14 கவுண்டில் நாலரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஒரு புத்தக அடையாளத்துக்கு அளவெடுத்ததுபோல் வருகிறது. சாம்பல் நிறத்தில் தூண், கீழே இரண்டு மூன்று நீலத்தில் காவிரி. நாமக்கல் கோட்டைப் பாறை, சேலத்து மல்கோவா, சங்ககிரி மலையின் விளிம்பு, மரவள்ளி இலையின் விரித்த விரல்கள் என்று கட்டத்துக்குள் வரக் காத்திருப்பவை ஏராளம். யாரும் இன்னும் வரையவில்லை என்றால் வரைய வேண்டியவர்கள் நீங்கள்தான்.

எண்ணித் தைக்கும் மரபு உங்களுக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் எதையும் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வட கர்நாடகத்துக் கசூட்டியில் மெந்தி என்று வழங்குவது நம் குறுக்குத் தையலேதான். இன்னும் பக்கத்தில், சேலத்திலிருந்து வடகிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி இருக்கிறது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் மலைமக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கிய பள்ளத்தாக்கு அது. அங்குள்ள லம்பாடிப் பெண்களிடையே பூத்தையல் அருகிப்போய், வயதான சிலர் கையில் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த மூத்தவர்களிடம் இளையவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். 2006இல் தொடங்கிய போர்கை என்ற அமைப்பின் வழியாக இன்று அவர்களுடைய வேலை வெளியூர்களுக்கும் போகிறது. ஒரு தையல் அழியாமல் நிற்கப் பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர் உட்கார வேண்டியிருந்தது. அவர்களிடமிருந்து உட்காரும் விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய கோலங்களை எடுத்து உங்கள் பெயரில் விற்கும் வேலை மட்டும் வேண்டாம். அது அவர்கள் பிழைப்பு, அவர்கள் சொத்து.

சேர்ந்து உட்காருவது என்று வரும்போது உங்களிடமே சில மனக்குறைகளைச் சொல்லியாக வேண்டும். புதிதாக ஒரு பெண் வேலையைக் கொண்டுவந்து காட்டினால், முதல் காரியமாக அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறீர்கள். முதல் துண்டின் பின்பக்கம் யாருக்கும் சுத்தமாக இருந்ததில்லை. அப்படிப் பார்க்கப்பட்டவள் மறுபடி ஊசி எடுக்க நாளாகும், சிலர் எடுப்பதே இல்லை. சில பேர் வகுப்பு எடுத்துப் பணம் வாங்கிக்கொண்டும் சூட்சுமத்தைத் தங்களோடு வைத்துக்கொள்கிறார்கள். கண்ணி போட்டுத் தொடங்கும் அந்தச் சின்ன விஷயத்தைக்கூடச் சொல்லித் தராத வகுப்புகள் உண்டு. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய கட்டப்படம் நாற்பது பேர் கைக்கு ஜெராக்ஸாகப் போகிறது. வரைந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. மெஷினில் போட்டதைக் கைவேலை என்று சொல்லி விற்பவர்களால், உண்மையாகவே கையால் செய்தவள் பாதி விலை கேட்டாலும் பேரம் பேசப்படுகிறாள். இவை வெளியாட்கள் செய்த கேடு அல்ல. உங்களுக்குள் நடப்பவை, அதனால் உங்களால் நிறுத்த முடிந்தவை.

கூடி உட்கார்ந்தால் ஒரு தையல் எப்படி நிலைக்கும் என்பதைப் பாலஸ்தீனத்தில் பாருங்கள். பாலஸ்தீனப் பூத்தையலை யுனெஸ்கோ 2021 டிசம்பரில் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் பெரும்பகுதி குறுக்குத் தையல். உடையில் உள்ள தையலைப் பார்த்தே அணிந்தவள் எந்த வட்டாரத்துப் பெண் என்று சொல்லிவிடும் அளவுக்கு ஊருக்கு ஊர் கோலம் வேறு. ஊரையும் வீட்டையும் இழந்து அகதிகளான பிறகும் அந்தக் கோலங்கள் மறந்துபோகவில்லை. பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, மகள்களையும் கூட வைத்துக்கொண்டு தைத்ததுதான் காரணம். அவர்களில் பலருக்கு அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு.

பிள்ளைகள் விஷயமும் இதோடு சேர்ந்தது. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் தையல் கற்பிக்கிறவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பல பள்ளிகளில் கால அட்டவணையில் தையல் என்று எழுதியிருக்கும் நேரத்தை, பரீட்சை நெருங்கியதும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. குறுக்குத் தையல் கணக்கை விட்டு விலகியதா? கட்டம் எண்ணுவதும், கவுண்டால் வகுத்து அங்குலம் காண்பதும், இடவலமாகத் திருப்பி வரைவதும் கணக்கு இல்லாமல் வேறென்ன? ஆசிரியைகளாக இருக்கும் நீங்கள் அந்த ஒரு பீரியடை விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றோராக இருக்கும் நீங்கள் பையன்களையும் அதில் உட்காரவிடுங்கள். தறி ஓட்டும் வட்டாரத்தில் நூல் பிடிப்பது ஆணுக்கு இழுக்கு என்று யாரும் சொன்னதில்லை.

ஆகவே உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள் இது. தெருவிலோ, மகளிர் குழுவிலோ, வேலை செய்யும் இடத்திலோ நாலு பேர் சேருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து இரண்டு மணி நேரம் போதும். வீட்டுத் திண்ணை, கோவில் மண்டபம், நூலகத்துக் கூடம் எதுவும் ஆகும். வெளிச்சமும் காற்றும் இருந்தால் சரி. நுழைவுக் கட்டணம் வேண்டாம், பரிசுப் போட்டியும் வேண்டாம். பரிசு என்று வந்தால் நன்றாகப் போடுகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். 24ஆம் எண் மழுங்கல் ஊசிகள் ஒரு பாக்கெட்டும் அரை மீட்டர் மேட்டியும் பொதுவில் வாங்கி, ஏழு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய நூல்களை ஒரு டப்பாவில் போட்டுப் பொதுவில் வைத்தால், மூன்று அங்குல வேலைக்குத் தனியாக நூல் வாங்க வேண்டிய அவசியமே பல தடவை வராது.

முதல் மாதம் எல்லோரும் ஒரே படம் போடுங்கள், 16 கண் மதகோ, சேலைப் பார்டர் மாங்காயோ. இரண்டாம் மாதத்திலிருந்து ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஒன்றைக் கட்டத்தாளில் வரைந்து கொண்டுவரட்டும். வரைந்தவர் பெயரையும் ஊரையும் தாளின் ஓரத்தில் எழுதி, ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நகல் வேண்டும் என்பவர் அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும். அறுபது வயது தாண்டிய ஒருவரையாவது, பத்து வயதுப் பிள்ளை ஒன்றையாவது ஒவ்வொரு கூடலுக்கும் அழையுங்கள். கண் மங்கிய பாட்டிக்கு 11 கவுண்ட் மேட்டி கொடுங்கள், கட்டம் பெரிதாகத் தெரியும். முடித்த துண்டின் மூலையில் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் தையுங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஜேன் போஸ்டாக்கின் தையல் துணியை இன்று உலகம் அறிவதற்கு, அவர் அதில் தன் பெயரையும் 1598 என்ற ஆண்டையும் தைத்து வைத்ததே காரணம்.

பீரோவில் கிடக்கும் அந்தப் பெரிய படத்தையும் முதல் கூடலுக்கே எடுத்துவாருங்கள். அதில் முடிந்திருக்கும் மூலையைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வெட்டிக் கொடுக்க, பக்கத்தில் ஒருவர் இருப்பார்.